வேலியோரம் மூன்று குவியல்

எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுகிற ஆள் நானில்லை. ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, உடப்புசல்லாவைக் கடைத்தெருவுக்கு மேலே இருந்த பங்களாவின் வாசற்படியில் ஒரு பழத்தை இரண்டாக வெட்டி, குங்குமம் அப்பி, வலப்பக்கம் ஒரு பாதியும் இடப்பக்கம் ஒரு பாதியுமாக வைத்திருந்ததைப் பார்த்ததும் என் கால் தானாக ஓரடி பின்வாங்கியது.

“பயமா வினோதா?” என்றார் செபமாலை சார்.

“பயமில்ல சார். வெறும் வயிறு. புளிப்பைப் பாத்தா ஆகாது.”

அவர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் பொலீஸில் இருந்து, சார்ஜன்ட்டுக்கு மேல் ஏறாமலே வீட்டுக்கு வந்த மனிதர் லேசில் சிரிக்கமாட்டார். இப்போது நுவரெலியாவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாள். கடிதம் டைப் அடிப்பது, த்ரீவீலர் ஓட்டுவது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எனக்கு மூன்று வேலை. மூன்றாவது மட்டும் இன்னும் கைவரவில்லை.

எங்களைக் கூப்பிட்டவர் விஜிதரன். உடப்புசல்லாவையிலேயே ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், இந்தப் பங்களாவை வாங்கத் துடிப்பவர். அவர் வீட்டைப் பார்க்க வருகிற நாளெல்லாம் வாசலில் இப்படி ஒரு பழம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இது மூன்றாவது தடவை. அவருடைய மனைவி தனுஜா இதைச் செய்வினை என்று முடிவு கட்டிவிட்டாள். வீட்டை வாங்கி உறுதிப் பத்திரம் எழுதினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதுளையில் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நிற்கிறாள். பழம் வைக்கிற ஆளைப் பிடித்துத் தர வேண்டும், இவ்வளவுதான் எங்கள் வேலை. ரொம்பச் சுலபமான கேஸ் என்று த்ரீவீலரில் வரும்போது நான்தான் சொன்னேன். அந்த வாயைத் தைத்திருக்கலாம்.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரி அனுஷ்கா. நாற்பத்தெட்டு வயது, மெல்பேர்னிலிருந்து வீட்டை விற்பதற்காக வந்திருக்கிறார். காலில் ஒரு நாய் சுற்றிக்கொண்டிருந்தது. போன வருடம் காலமான அவருடைய அப்பா றோலண்ட், பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுவிட்டுப் போன பங்களாவை அந்தக் காலத்திலேயே வாங்கியவர்.

“நாங்க கத்தோலிக்க ஆக்கள், மிஸ்டர் செபமாலை. எலுமிச்சம்பழம் வச்சா ஜூஸ் போட்டுக் குடிச்சிருவேன்” என்றார் அனுஷ்கா. “ஆனா விஜிதரன் வீட்டுல பயந்து போயிட்டாங்க.”

“வேற ஆக்களும் வீடு பாக்க வந்தாங்களா?”

“கொழும்புல இருந்து ஒரு ஹோட்டல்காரர் ரெண்டு தரம் வந்தார். வெலிமடை டொக்டர் ஒருத்தர் வந்தார்.”

“அவங்க வந்த அன்னிக்குப் பழம்?”

அனுஷ்கா யோசித்தார். “இல்ல. ஒருநாளும் இல்ல.”

செபமாலை சார் என்னைப் பார்த்தார். கிறிஸ்தவ வீட்டு வாசலில் குங்குமம் வைத்தால் வீட்டுக்காரி பயப்படப் போவதில்லை என்பது வைக்கிற ஆளுக்கும் தெரியும். இந்தப் பழம் வீட்டுக்கு வைத்த பழமில்லை. வீடு விற்கக்கூடாது என்பதற்கும் இல்லை. விஜிதரன் என்கிற ஒரே ஒரு ஆள் வாங்கக்கூடாது, அவ்வளவுதான்.

நான் குனிந்து அந்தப் பாதிகளை நன்றாகப் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தச் சாமான்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. “சார், இது செய்வினை இல்ல” என்றேன்.

“எப்படிச் சொல்றே?”

“செய்வினைன்னா முழுப்பழத்துல ஊசி குத்தியிருக்கும். மயிர், சுடுகாட்டு மண்ணு, இன்னும் என்னென்னவோ இருக்கும். இது வெட்டிக் குங்குமம் தடவி ரெண்டு பக்கமும் வச்சிருக்கு. பக்கத்துல உப்பும் காஞ்ச மிளகாயும். இது கண்ணேறு கழிக்கிறது சார். புது லொறி வாங்கினா டயருக்கு வைக்கிறோமே, அதே சாமான். இதை வச்சவங்க விஜிதரனுக்குக் கெடுதல் பண்ணல. காவல் பண்ணியிருக்காங்க.”

“பயமுறுத்த வந்த ஆள் காவல் பண்ணிட்டுப் போகுமா?”

“ஒண்ணு, ஆளுக்கு செய்வினை செய்யத் தெரியல. இல்ல, செய்ய மனசு வரல.”

அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் போனேன். அனுஷ்கா தினமும் ஆறரைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு வரை நடப்பாராம். தோட்டங்களில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடுகிற நேரம் அது. முன்கேட் பூட்டித்தான் இருக்கும். அப்படியானால் அந்த அரை மணித்தியாலத்தில் பின்னால்தான் யாரோ நுழைந்திருக்க வேண்டும்.

பின்பக்கம் சமையல் நடக்கிற குசினியை ஒட்டி ஒரு சின்ன அறை. அதற்கு அப்பால் விறகுக் கொட்டகை. அதற்கும் அப்பால் வேலி. வேலி என்றால் கம்பியோ கல்லோ இல்லை, இரண்டு வரிசைத் தேயிலைச் செடிதான். நடுவில் ஒரு மரக்கேட். செபமாலை சார் கேட்டைத் தள்ளினார், இழுத்தார், தோளைக் கொடுத்து முட்டினார். அது அசையவில்லை.

“பொலீஸ்ல இருந்தப்ப இப்பிடித்தான் கதவு உடைப்பீங்களா சார்?”

“நீ வாயை மூடு.”

அனுஷ்கா வந்து, கேட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி, இடப்பக்கம் தள்ளினார். சத்தமே இல்லாமல் திறந்தது. “அப்பா செஞ்ச வேலை. வீட்டு ஆக்களுக்கும் வேலைக்காரங்களுக்கும் மட்டும்தான் தெரியும்” என்றார்.

“இப்ப யாராச்சும் வேலைக்கு இருக்காங்களா?”

“பல வருஷமா யாருமில்ல. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க லெட்சுமின்னு ஒருத்தி இருந்தா. பின்னால இந்த ரூம்லதான் இருந்தா. எனக்கு அவ்வளவு கதை சொல்லுவா. சேர்ச்சுல முதல் நற்கருணை வாங்கின என்னோட புதுநன்மை விருந்துக்கு மறுநாள் சொல்லாம கொள்ளாம போயிட்டா. அம்மாவுக்கு ரொம்ப மனவருத்தம். இவங்களுக்கு நன்றியே கிடையாதுன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா.”

லயத்து ஆட்களான அந்த ‘இவங்க’ளில் நானும் ஒருத்தி என்பது அனுஷ்காவுக்குத் தோன்றவேயில்லை. நல்ல மனுஷிதான், எங்களுக்குக் கேக் எல்லாம் வெட்டி வைத்திருந்தார். எனக்கு அந்தக் கேக் இறங்கவில்லை.

வேலியைப் பார்த்துக்கொண்டிருந்த செபமாலை சார், “வேலியை எப்ப வெட்டினீங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு மாசம் முந்தி ஆள் வச்சு மட்டமா வெட்டினேன்.”

“அதுக்கப்புறம் எல்லா இடமும் துளிர் விட்டிருக்கு. கேட்டுக்குப் பக்கத்துல இந்த நாலு செடி மட்டும் மொட்டையா நிக்குது. மாடு கீடு மேஞ்சுதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பொலீஸ் மூளை எவ்வளவு இருந்தாலும் சார் டவுனில் வளர்ந்த வாத்தியார் வீட்டுப் பிள்ளைதான். “சார், மாடு ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா பாத்து மேயாது. முத்தின இலையைத் தனியா ஒடிச்சுக் கீழ போட்டிருக்கு பாருங்க. இது கொழுந்து எடுக்குற கை. வருஷக்கணக்கா எடுத்த கை. எங்கம்மா பஸ்ஸுக்கு நிக்கிறப்பக்கூட ரோட்டோரத்துச் செடியில பறிச்சுக்கிட்டேதான் நிப்பாங்க. அவங்களுக்கே தெரியாது. கை சும்மா நிக்காது.”

“அப்ப யாரோ இங்க நின்னு காத்திருக்காங்க.”

“அனுஷ்கா மேடம் நாயோட வெளிக்கிடுற வரைக்கும்.”

“பறிச்ச கொழுந்து எங்கே?”

“கீழ போட மாட்டாங்க. கொழுந்தைக் கீழ போட்டா கங்காணிகிட்ட வாங்குற ஏச்சு சாகிற வரைக்கும் காதுல நிக்கும்.”

விறகுக் கொட்டகைக்குள் தேடினோம். கூரைக்குக் கீழே, நனையாத ஒரு பலகையில், மூன்று சின்னக் குவியல்கள் வரிசையாக இருந்தன. ஒன்று கறுத்துச் சருகாகியிருந்தது. ஒன்று பழுப்பாகச் சுருண்டிருந்தது. மூன்றாவது இன்னும் வாடக்கூட இல்லை. இரண்டு வாரம் முந்தியது, போன வாரத்தது, இன்று காலையில் பறித்தது. விஜிதரன் வீடு பார்க்க வந்த மூன்று நாட்களும் அந்தப் பலகையில் தேதி போட்டது மாதிரி இருந்தன.

“வினோதா, உனக்குச் சம்பளம் குடுக்கிறது வீண் போகல” என்றார் சார்.

“அப்ப கூட்டிக் குடுங்க சார்.”

“வா, போவோம்.”

விஜிதரன் கடையில் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே நின்றார். முப்பத்தாறு வயது. கத்தாரில் ஒன்பது வருடம் வெயிலில் வெந்து, திரும்பி வந்து கடை போட்டவர். கடைக்குப் பின்னால்தான் வீடு. எங்களை உள்ளே உட்கார வைத்தார். “கண்டுபிடிச்சீங்களா சார்? அந்த ஹோட்டல்காரன்தானே?”

“ஹோட்டல்காரனுக்குக் கொழுந்து எடுக்கத் தெரியாது” என்றேன். சார் என் காலை மிதித்தார்.

“தம்பி, இத்தனை வீடு இருக்கு. அந்த வீடு மேல ஏன் இவ்வளவு பிடிவாதம்?”

விஜிதரன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எங்கம்மாவுக்காக சார். கல்யாணம் முடிச்ச புதுசுல அம்மா அந்த வீட்டுலதான் வேலைக்கு இருந்தாங்க. நான் பொறக்கிறதுக்கு முந்தி. பின்கேட்டால வந்து பின்கேட்டால போவாங்க. அஞ்சு வருஷத்துல ஒரு நாள் முன்வாசல்ல கால் வச்சதில்ல. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷம் மலையில கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வச்சாங்க. அந்த முன்வாசல்ல எங்கம்மாவைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். கத்தார்ல படுக்கிற நேரமெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்தேன். அனுஷ்கா மேடத்துக்கு இது தெரியாது. உறுதி எழுதின பிறகு சொல்லலாம்னு இருக்கேன்.”

“அம்மா என்ன சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்றதில்ல. அவங்களுக்குச் சந்தோசத்தைக் காட்டத் தெரியாது சார்.”

“இன்னிக்கு வீடு பாக்கிறதுன்னு எப்ப முடிவாச்சு?”

“நாளைக்குன்னுதான் இருந்தது. நேத்து எட்டு மணிக்கு மேடம் போன் பண்ணி இன்னிக்குன்னு மாத்தினாங்க. அப்ப நாங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தோம்.”

ராத்திரி எட்டு மணிக்கு மாற்றிய நாள், விடிந்ததும் பழம் வைத்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? விஜிதரன் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்கவேயில்லை. சாப்பாட்டு மேசையில் அவரைத் தவிர இருந்த பெரியவர்கள் இரண்டு பேர். தனுஜா பதுளை டவுனில் வளர்ந்த ஆசிரியை, அவளுக்குத் தேயிலைச் செடியை விட சோக்குக் கட்டியோடுதான் பழக்கம்.

மற்றவர், விஜிதரனின் அம்மா, அப்போதுதான் தேத்தண்ணி கொண்டுவந்தார். நாகலெட்சுமி. அறுபத்திரண்டு வயது, ஒல்லி, முக்காடு. நாங்கள் எடுத்துக்கொள்ளும் வரை தட்டைப் பிடித்தபடி வாசலோரமாகவே நின்றார். மகன் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் கிளாசை எடுக்கும்போது அவர் கையைப் பார்த்தேன். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எங்கம்மாவுக்கு இருக்கிற அதே கறுத்த வெடிப்பு. அது சாகும் வரை போகாது. ஆனால் நகத்துக்குள் இருந்த பச்சைக் கறை புதுசு. வேலையை விட்டு, தோட்டத்தில் பேர் வெட்டி இரண்டு வருடமான ஆளுக்கு அது எங்கிருந்து வந்தது?

நான் சாரைப் பார்த்தேன். சார் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா போன பிறகு சார் மெதுவாகச் சொன்னார். “தம்பி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உறுதி எழுதப் போறதா வீட்டுல எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன். உண்மையில எப்ப எழுதப் போறீங்கங்கிறதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டக்கூடச் சொல்லாதீங்க.”

“ஏன் சார்?”

“எப்பவும் அதுதான் முறை.”

அந்த ‘என்கிட்டக்கூட’ என்பதை அவர் எதற்குச் சேர்த்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு கெத்துக்காகச் சொல்லியிருப்பார். இத்தனை வருடத்தில் அவர் கெத்துக்காகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை விடியக்காலை, அனுஷ்காவுக்கும் சொல்லாமல், பின்கேட்டால் நுழைந்து விறகுக் கொட்டகைக்குள் ஒளிந்து நின்றோம். குளிரில் என் பல் தாளம் போட்டது. ஆறேகாலுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு உருவம் வந்து நின்றது. முக்காடு. கையில் ஒரு பை. உள்ளே வராமல் செடிக்கு முன்னால் நின்றுகொண்டு பங்களாவையே பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையும் தானாக எழுந்து செடியில் மேய ஆரம்பித்தன. கண் செடியைப் பார்க்கவேயில்லை. எங்கம்மாவைப் பார்ப்பது போலவே இருந்தது.

முன்பக்கம் நாய் குரைத்துக்கொண்டு இறங்கிப் போனது. கேட் சத்தமில்லாமல் திறந்தது. நாகலெட்சுமி நேராகக் கொட்டகைக்குள் வந்து, பலகையில் நாலாவது குவியலை வைத்தார். திரும்பினார். நாங்கள் நின்றோம்.

அவர் கத்தவில்லை. கையிலிருந்த பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டார். “என் மகனுக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்ல” என்றார் சார். “உக்காருங்கம்மா.”

“இங்கயா? இங்க நான் உக்காந்ததில்லைங்க.” என்னைப் பார்த்து, “நீ லயத்துப் புள்ளையா?” என்றார்.

“ஆமா. ராகலைப் பக்கம்.”

“அப்ப உனக்கு வெளங்கும்.”

நின்றுகொண்டேதான் சொன்னார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“பெரிய கிளாக்கரம்மா கெட்டவங்க இல்ல. அடிச்சதில்ல, பட்டினி போட்டதில்ல. சின்னம்மாவுக்கு, அதான் அனுஷ்காம்மாவுக்கு, அன்னிக்குப் புதுநன்மை. இருபத்திநாலு பேருக்குச் சாப்பாடு. எனக்கு மூத்தது பொம்பளப்புள்ள. எட்டு மாசம். இந்தா, இந்தப் பின்ரூம்லதான் போட்டிருந்தேன். காலையிலயே காய்ச்சல். மத்தியானம் நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. அம்மாகிட்டப் போய் டிஸ்பென்சரிக்குக் கொண்டு போகணும்னு கேட்டேன். சாப்பாடு முடியட்டும் லெட்சுமி, நானே கார்ல அனுப்புறேன்னாங்க. சரின்னேன்.”

செபமாலை சார் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவங்க கதவைப் பூட்டலைங்க. யாரும் என் கையைப் புடிச்சு நிறுத்தல. டிஸ்பென்சரி இந்த வேலியத் தாண்டினா அரை மைலு. தூக்கிட்டு ஓடியிருக்கலாம். நான் ஓடல. வேலை போயிரும்னு நின்னேன். சோறு வச்சேன், கறி வச்சேன், தட்டு எடுத்தேன். அழுகைச் சத்தம் குசினிக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கேக்கல. தூங்கிருச்சுன்னு நினைச்சேன். அப்பாடான்னு நினைச்சேன் புள்ள. அப்பாடான்னு.”

எனக்குத் தெரிந்த பகிடி, கிண்டல் எல்லாம் எங்கோ போய்விட்டது.

“விஜிதரனுக்கு?” என்று கேட்டார் சார்.

“தனக்கு முந்தி ஒண்ணு பொறந்ததே அவனுக்குத் தெரியாது. அவங்கப்பாவும் சொல்லாமலே செத்துட்டாரு. எங்கம்மா எனக்காக உசிரக் குடுக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான். அவன்கிட்டப் போய், நான் தட்டுக் கழுவிக்கிட்டு நின்னேன்னு சொல்லவா? சொல்ல முடியல. அந்த வீட்டுல போய் இருக்கவும் முடியாது. வேண்டாம்பான்னு சும்மா சொல்லிப் பாத்தேன். வெக்கப்படாதம்மாங்கிறான். அதான் இந்தக் கூத்து.”

“செய்வினை பண்ண வந்தீங்க. கண்ணேறு கழிச்சிட்டுப் போயிருக்கீங்க” என்றேன்.

அவர் இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையைப் பிரித்து ஒரு குண்டூசிப் பக்கெட்டை எடுத்துக் காட்டினார். பிரிக்காத பக்கெட். “முதல் நாளே வாங்கிட்டேன். அவன் பேரைச் சொல்லிக் குத்தணுமே. கை வரல. புள்ள வர்ற வழின்னு நினைச்சதும் உப்பும் மிளகாயும் சுத்தி வச்சுட்டேன்.”

பிறகு சாரின் காலைத் தொட வந்தார். சார் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து விறகில் இடித்துக்கொண்டார். “ஐயா, என்னைக் கள்ளின்னு சொல்லுங்க. பைத்தியம்னு சொல்லுங்க. இதை மட்டும் சொல்லிராதீங்க. அவன் இந்த வீட்டை வாங்காமப் பாத்துக்கங்க.”

“என் வாயால வராதும்மா” என்றார் சார். “பத்து மணிங்கிறது நான் சொல்லச் சொன்னது. உறுதி இன்னும் எழுதியிருக்க மாட்டாங்க. நேரம் இருக்கு. நான் தடுக்கிறேன்.”

அவரைக் கோயிலடியில் இறக்கிவிட்டோம். வழியில் சார் ஒரு பொய்யைத் தயார் பண்ணினார். பங்களாவுக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடிப்பு இருக்கிறது, அடுத்த பெரிய மழைக்கு வீடு தாங்காது என்று சொல்வது. மண்சரிவுகளைப் பார்த்த பிறகு இந்தப் பக்கத்தில் அதை நம்பாதவர்கள் கிடையாது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் பொய் சொல்லப் பயிற்சி எடுப்பதைப் பார்த்தேன். மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தரம் நானே நம்பிவிட்டேன்.

கடைக்குள் நுழைந்ததும் விஜிதரன் லட்டுத் தட்டை நீட்டினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, முகமெல்லாம் பல்.

“தம்பி, பின்பக்கச் சரிவுல…” என்று ஆரம்பித்தார் சார்.

“சார், நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன்! யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டக்கூடச் சொல்லல. புதன்கிழமை பின்னேரமே மேடத்தைக் கூட்டிக்கிட்டு வெலிமடைக்குப் போய் நொத்தாரிசுகிட்ட உறுதி எழுதியாச்சு. பழமும் இல்ல, ஒண்ணும் இல்லன்னதும் தனுஜாவும் சரின்னுட்டா. வீடு என் பேர்ல. உங்க மூளைதான் சார்!”

சார் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை வாயில் வைக்கவுமில்லை, தட்டில் திரும்ப வைக்கவுமில்லை. சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள். அந்தத் தாய் விடியக்காலைக் குளிரில் வந்து காவல் காத்த கதவை நாங்களே திறந்துவிட்டிருந்தோம். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“அம்மா கோயில்ல இருந்து வரட்டும். நேரா கூட்டிட்டுப் போறோம். நீங்களும் வாங்க சார்” என்றார் விஜிதரன்.

வேனில் நாகலெட்சுமி எங்களைப் பார்க்கவேயில்லை. மகன் உறுதியை அவர் மடியில் வைத்தார். கடுதாசியைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

பங்களா வாசலில் அனுஷ்கா சாவியோடு நின்றார். விஜிதரன் தாயைக் கைத்தாங்கலாக இறக்கி, “மேடம், இது எங்கம்மா. உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான்” என்றார்.

அனுஷ்கா உற்றுப் பார்த்தார். பிறகு ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “லெட்சுமி! நீங்களா? அன்னிக்குச் சொல்லாம கொள்ளாம போயிட்டீங்களே! எவ்வளவு அழுதேன் தெரியுமா?”

“ஆமாம்மா. போயிட்டேன்” என்றார் நாகலெட்சுமி.

விஜிதரன் கதவைத் திறந்துவிட்டு, “வலது காலை வச்சு வாங்கம்மா” என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். “பழக்கம் பாத்தீங்களா சார்!” என்று சிரித்துக்கொண்டே ஓடிப்போய்க் கையைப் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டிவந்தார். அவர் ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டு படுத்தது அதைத்தான். படியேறும்போது விஜிதரனின் கண் நிறைந்திருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

பெரிய அறையில் புதுக் கட்டில், புது மெத்தை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். “இது உங்க ரூம்மா. பின்னால அந்தச் சின்ன ரூம் இருக்கே, உங்களைப் போட்டு வச்ச ரூம், திங்கக்கிழமை ஆள் வருது. உடைச்சுத் தரைமட்டம் ஆக்கிறப் போறேன்.”

“உடைக்காதப்பா.”

“ஏம்மா?”

அவர் குசினியைத் தாண்டிப் போனார். பின்னறைக் கதவைத் திறந்து உள்ளே நின்றார். ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், சீமெந்துத் தரை, மூலையில் பழைய சாக்கு. கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். “நான் இங்கதான் படுப்பேன்.”

“என்னம்மா இது? வேலைக்காரி ரூம்மா அது!”

“கோவிச்சுக்காதப்பா. இங்கதான் படுப்பேன்.”

“இதுக்காகவா நான் ஒன்பது வருஷம் அங்க கெடந்தேன்? இந்தத் தரையில நீங்க திரும்பப் படுக்கிறதுக்கா?”

மகனின் குரல் உடைந்தது. நாகலெட்சுமி மகனின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாரே தவிர, ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. விஜிதரன் கோபத்தோடு வெளியே போனார். நான் வாசலில் நின்றேன். நாகலெட்சுமி முந்தானையால் தரையில் ஒரு இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரோரமாக, ஒரு பிள்ளையைக் கிடத்துகிற அளவு இடம்.

“அன்னிக்கு அது அழுது கூப்பிட்டப்ப நான் வரல புள்ள” என்றார், என்னைப் பார்க்காமல்.

முன்வாசலில் செபமாலை சார் த்ரீவீலரில் ஏறப் போனார். விஜிதரன் பின்னாலேயே வந்தார். கண்ணைத் துடைத்த கை இன்னும் ஈரமாக இருந்தது.

“பழம் வச்ச ஆள் யாருன்னு கடைசி வரைக்கும் உங்களால பிடிக்க முடியல இல்லையா சார்?”

“முடியல தம்பி.”

“போகட்டும். அது இனித் தேவையில்ல. உங்களுக்கு ஆட்களைப் படிக்கத் தெரியும். எங்கம்மா ஏன் இப்படிப் பண்றாங்க? அதையாவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார்.”

சார் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோட்டுப் பையில் அந்தக் குண்டூசிப் பக்கெட் இருந்தது. எனக்குத் தெரியும், அதை நாகலெட்சுமியின் கையிலிருந்து வாங்கி அவர் பையில் போட்டது நான்தான்.

“அது என்னால முடியாது தம்பி” என்றார்.